ஏத்தமும் வத்தமும்

முதலில் மின்விசிறியை நிறுத்துவேன். பிறகு சன்னலைச் சாத்துவேன். பிறகு லாரி போகட்டும் என்று காத்திருப்பேன்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து ஒரு தெரு உள்ளே தள்ளி இருக்கிறது என் கிளினிக். துறைமுகத்துக்குப் போகிற, திரும்புகிற கன்டெய்னர் வண்டிகளின் இரைச்சல் சுவரைத் தாண்டி மேஜைக்கு வந்துவிடும். முப்பது வருஷமாக இந்த இரைச்சலுக்கு நடுவில்தான் குழந்தைகளின் நெஞ்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு வண்டியின் உறுமல் தேய்வதற்கும் அடுத்தது வருவதற்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு வினாடி கிடைக்கும். கைக்குழந்தையின் இதயம் அதற்குள் இருபத்தைந்து தடவை அடித்துவிடும். போதும்.

ஸ்டெதஸ்கோப்பின் வட்டை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கிக்கொள்வேன். சில்லென்று பட்டால் குழந்தை அழும். அழுதால் அன்றைக்குக் கச்சேரி முடிந்தது. அம்மா மடியிலேயே, முடிந்தால் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே, நெஞ்செலும்பின் இடப்பக்கம் கீழே வட்டை வைப்பேன். நல்ல இதயம் ‘லப்–டப்’ என்று இரண்டு சொல் பேசும். இரண்டு கீழறைகளுக்கும் நடுவில் இருக்கிற சுவரில் ஓட்டை இருந்தால், லப்பில் தொடங்கி டப் வரைக்கும் இழுத்துக்கொண்டே போகிற ஒரு ‘ஷ்ஷ்ஷ்’. தண்ணி லாரியிலிருந்து குடத்துக்கு ட்யூப் போடும்போது நுனியைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்தால் வருமே, அதே சீறல். சில குழந்தைகளுக்குக் காதே வேண்டாம். கையை வைத்தாலே பூனை உறுமுவதுபோல் உள்ளங்கையில் அதிரும்.

அம்மாக்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். “சத்தம் பெர்சா கேக்குதா டாக்டரம்மா?” என்பார்கள். கேட்கிறது என்று சொன்னால் அழத் தொடங்கிவிடுவார்கள். உண்மையில் அழ வேண்டிய இடம் அது இல்லை. ட்யூபை விரலால் அடைத்தால்தானே சீறுகிறது? விரலை எடுத்துவிட்டால் தண்ணீர் கொடகொடவென்று கொட்டும், சத்தம் பாதியாகிவிடும். சுவரிலும் அதே கதைதான். சின்ன ஓட்டை கத்தும், பெரிய ஓட்டை முணுமுணுக்கும். பாரிஸில் குழந்தை மருத்துவராக இருந்த ஆன்ரி ரோஜே இதை 1879-லேயே எழுதிவைத்தார்: சத்தம் ஊரைக் கூட்டும், குழந்தையோ ஓடி விளையாடும். இன்றைக்கும் சின்ன ஓட்டைக்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஓட்டை வழியாக ரத்தம் ஏன் போகிறது? இந்தப் பகுதி அப்பாக்களுக்கு இதை விளக்குவது எனக்குப் பிடித்த வேலை. பாய்லர் பார்க்கிறவர், பம்ப் ரூமில் நிற்கிறவர், ஃபிட்டர், வெல்டர் என்று வருவார்கள். பிரஷர் என்றால் என்ன என்று அவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இடது கீழறை உடம்பு முழுக்க ரத்தம் தள்ளுகிற பம்ப். வளர்ந்தவர்களுக்குச் சுருங்கும்போது 120 மில்லிமீட்டர் பாதரசம் அளவு அழுத்தம். வலது கீழறை பக்கத்திலேயே இருக்கிற நுரையீரலுக்கு மட்டும் தள்ளினால் போதும். அதற்கு 25 இருந்தால் தாராளம். இரண்டுக்கும் நடுவில் துளை விழுந்தால் ரத்தம் எந்தப் பக்கம் பாயும் என்று கேட்டால் கண் மூடித் திறப்பதற்குள் பதில் வரும். இடதிலிருந்து வலதுக்கு. ஏற்கெனவே நுரையீரலில் சுத்தமாகி வந்த ரத்தம் உடம்புக்குப் போகாமல் மறுபடி நுரையீரலுக்கே போகிறது. வீடு வீடாகப் போட வேண்டிய தபாலைத் திரும்பத் திரும்ப அதே தபாலாபீசுக்கு அனுப்புகிற மாதிரி. இதயம் அடிக்கிறது, அடிக்கிறது. ஊருக்குச் சேருவது பாதி.

அடுத்த கேள்விக்குத்தான் படித்தவர்களும் சறுக்குவார்கள். கூடுதல் ரத்தம் வலது பக்கம் போகிறதே, அப்படியானால் எந்த அறை வீங்கும்? வலது என்று சொல்வார்கள். நானும் மாணவியாக இருந்தபோது அப்படித்தான் சொன்னேன். வீங்குவது இடது. காரணம், இரண்டு கீழறைகளும் ஒரே நேரத்தில் சுருங்குகின்றன. ஓட்டை வழியாக வந்த ரத்தம் வலது அறையில் தங்குவதே இல்லை, வாசலைத் தொட்டுவிட்டு நேராக நுரையீரல் தமனிக்குப் பாய்ந்துவிடும். நுரையீரலைச் சுற்றிவிட்டு அத்தனையும் இடது மேலறைக்குத் திரும்பி, இடது கீழறையில் வந்து இறங்கும். செய்ததைத் திரும்பச் செய்கிற பாரம் அனுப்பியவன் தலையிலேயே விடிகிறது. ஓட்டை பெரிதானால், இதயத்தின் நுனியில் ஸ்டெதஸ்கோப்பின் மணிப் பக்கத்தை லேசாக வைத்துக் கேட்டால் தூரத்தில் லாரி போவதுபோல ஒரு தணிந்த உருட்டல் கேட்கும். அது ஓட்டையின் சத்தம் இல்லை, அளவுக்கு மீறித் திரும்பி வந்த ரத்தம் மைட்ரல் வால்வில் நெரிபடுகிற சத்தம். இதற்காகத்தான் நிஜ லாரி போகும்வரை காத்திருக்கிறேன்.

ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் பிறந்து, மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகிற குழந்தைக்கு ஓட்டை பெரிதாக இருந்தாலும் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. நீலம் பாரிக்காது. விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கிற கருவியும் நல்ல எண்ணையே காட்டும். வயிற்றுக்குள் இருந்தவரை நுரையீரல் வேலை செய்யவில்லை. அதன் ரத்தக் குழாய்கள் தடித்து, இறுகி இருந்தன. பிறந்தவுடனே அவை முழுசாகத் தளர்ந்துவிடுவதில்லை, வாரக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் தளரும். அதுவரை இரண்டு பக்க அழுத்தமும் ஏறக்குறைய சமம். சமமாக இருக்கிற இடத்தில் ரத்தம் எங்கே பாயும்? ஆறாவது வாரம், எட்டாவது வாரம் குழாய்கள் விரிந்து எதிர்ப்பு இறங்கியதும்தான் மடை திறக்கிறது. அதே சமயத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் இயல்பாகவே ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறையும். நீர்த்த ரத்தம் இன்னும் சுலபமாகப் பாயும். “ரெண்டு மாசம் நல்லாத்தான இருந்துச்சு, யார் கண்ணு பட்டுச்சோ” என்று ஆயாக்கள் சொல்வதில் தேதி சரியாகத்தான் இருக்கிறது.

அந்த ஆயாக்களிடம்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். “பால் குடிக்கசொல்ல நெத்தி வேர்த்து ஊத்துது” என்று ஒருத்தி சொன்னால், பாதி நோயறிதல் அங்கேயே முடிந்துவிடும். பெரியவர்களுக்கு மாடிப்படி எப்படியோ, கைக்குழந்தைக்குப் பால் குடிப்பது அப்படி. அதன் ஒரே உழைப்பு அதுதான். மாரில் வாய் வைக்கும், நாலு இழுப்பு இழுக்கும், விட்டுவிட்டு மூச்சு வாங்கும், மறுபடி தேடும், களைத்துத் தூங்கிவிடும், அரை மணியில் பசித்து அழும். ஏசி போட்ட அறையிலும் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. நான் மருந்துச் சீட்டை மூடிவைத்துவிட்டு, “இங்கேயே பால் குடும்மா, நான் பார்க்கிறேன்” என்பேன். கைக்கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணுவேன், ஒரு முழு நிமிடம். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் குழந்தை விஷயத்தில் கணக்கு பொய்யாகும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60-ஐத் தொட்டால் காரணம் தேட வேண்டும். விலா எலும்புகளுக்குக் கீழே சதை உள்ளே இழுக்கிறதா, வலது விலாவுக்குக் கீழே ஈரல் எத்தனை விரல் தட்டுப்படுகிறது, போன வாரத்து எடைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம். முதல் மூன்று மாதத்தில் ஒரு நாளைக்கு 25, 30 கிராமாவது ஏற வேண்டும். ஏறாவிட்டால், குடித்த பால் எல்லாம் மூச்சு விடுவதற்கே செலவாகிறது என்று பொருள்.

இங்கே எங்கள் பகுதிக்கென்று ஒரு கண்ணி இருக்கிறது. எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை வீட்டுக்கு ஒரு வீசிங். மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்று திரும்புகிற ராத்திரிகளில் வாடை படுக்கை வரை வந்துவிடும். அதனால் ஒரு குழந்தை வேகமாக மூச்சு விட்டால் யாரும் இதயத்தை நினைப்பதில்லை, காற்றை நினைக்கிறார்கள். காற்றின் மேல் பழி போடுவது பல நேரம் நியாயமும்கூட. கணை என்று சூடு வைக்கிறார்கள், மாந்தம் என்று மந்திரிக்கிறார்கள், தொக்கம் எடுக்கிறார்கள், பிறகு நெபுலைசர். மூன்று நாள், ஐந்து நாள் புகை வைத்துவிட்டு, நான்காவது முறை ‘நெஞ்சு சளி’ என்று என்னிடம் வருவார்கள். வெள்ளம் நிறைந்த நுரையீரலில் கிருமி சுலபமாகத் தங்கும். எனவே நிமோனியா இருப்பதும் உண்மைதான். ஆனால் இரண்டு மாதத்தில் இரண்டு நிமோனியா வந்த குழந்தைக்குச் சளி மருந்து எழுதுகிற கை கொஞ்சம் நின்று நெஞ்சைக் கேட்க வேண்டும். இன்னொன்று: மூச்சு வாங்குகிறதே என்று ஆக்சிஜனைத் தாராளமாகத் திறந்துவிட்டால், அது நுரையீரல் குழாய்களை இன்னும் தளர்த்தி, ஓட்டை வழியாகப் பாய்வதை இன்னும் கூட்டும். தண்ணீர் ஏறிய படகில் இன்னொரு பலகையைப் பெயர்க்கிற வேலை அது.

சில வருஷங்களுக்கு முன் முகத்துவாரக்குப்பத்திலிருந்து ஒரு பெரியவர் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தார். மகளும் மருமகனும் பின்னால் நின்றார்கள், பேச்செல்லாம் அவர்தான். மூன்று மாதக் குழந்தை, நடுத்தர ஓட்டை, சதைச் சுவரில். நான் வழக்கம்போல் காகிதத்தில் நாலு அறை போட்டு, பம்ப், பிரஷர் என்று ஆரம்பித்தேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டி நிறுத்தினார்.

“இது எங்க முகத்துவாரம்தானேம்மா.”

கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலில் சேர்கிற வாய் அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். “ஆத்துப் பக்கம் ஒசரமா இருந்தா தண்ணி வெளிய போவும். ஏத்தம் வந்தா கடத்தண்ணி உள்ள வரும், வத்தத்துல திரும்பிப் போவும். வாய் ஒண்ணுதான். எந்தப் பக்கம் ஒசரமோ, அங்கேந்து எறக்கத்துக்குப் போவும். அதான?”

அதேதான். பாடப் புத்தகத்தில் இரண்டு பக்கம் படித்து நான் புரிந்துகொண்டதை அவர் ஏத்தம், வத்தம் என்ற இரண்டு சொல்லில் முடித்துவிட்டார். ஓட்டைக்குத் திசை கிடையாது. திசை இரண்டு பக்க உயரத்தில் இருக்கிறது. அவரே தொடர்ந்தார்: “மண்ணு அடிச்சு வாய் குறுகினா எரைச்சல் ஜாஸ்தியாவும். அப்பறம் ஒரு நாளு அடஞ்சே போவும்.” குழந்தைக்கும் அப்படி அடைபட வாய்ப்பு உண்டு என்றேன். சதைச் சுவரில் இருக்கிற சின்ன ஓட்டைகள் சதை வளர வளர நெருங்கி மூடிக்கொள்வது வழக்கம். சுவரின் மேல் பகுதியில், சவ்வு ஒட்டி இருப்பவற்றுக்குப் பக்கத்து வால்வின் திசு வந்து தொப்பிபோல் மூடிவிடுவதும் உண்டு. பெருந்தமனிக்கு அடியில் இருப்பவைதான் வம்பு. அவை வால்வையே உள்ளே இழுத்துக் கெடுத்துவிடும். பெரியவர் சிரித்தார். “எங்களுக்கு வாய் அடைஞ்சா பொழப்பு போச்சு. உங்களுக்கு அடைஞ்சா சந்தோசமா?”

நான் சிரிக்கவில்லை. அடையவே கூடாத ஒரு வாயை எனக்குத் தெரியும்.

முதுகலை படித்துக்கொண்டிருந்த காலம். புறநோயாளிப் பிரிவில் காலை எட்டு மணிக்கே வராந்தா நிறைந்துவிடும். நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று. பழைய சீட்டில், ஒரு வயதில் யாரோ எழுதியிருந்தார்கள்: முர்மர் (சீறல்) இருக்கிறது, மூச்சு வேகம், எடை குறைவு, மறுபடி வரவும். வரவில்லை. இப்போது குழந்தை தேறியிருந்தது. மூச்சு வாங்கவில்லை, சளி பிடிப்பதில்லை, கன்னத்தில் சதை. வட்டை வைத்துக் கேட்டேன். சத்தம் அனேகமாக இல்லை. எக்கோ எடுக்க வேண்டுமென்றால் அன்று இன்னொரு கட்டடத்துக்கு இன்னொரு நாள் அனுப்ப வேண்டும். அப்பாவுக்கு ஒரு நாள் கூலி போகும். “ஓட்டை மூடிக்கிட்டது போல” என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

டப் அன்றைக்குக் கதவை அறைந்ததுபோல் கேட்டது. அது என் காதில் விழுந்தது. இன்னும் ஞாபகம் இருக்கிறது. என்ன சொல்கிறது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பத்துப் பதினோரு வருஷம் கழித்து அந்தப் பெண் வந்தாள். நான் அப்போது அங்கே வேலையில் இருந்தேன். நகம் நீலம், விரல் நுனிகள் முரசுக் குச்சிபோல் உருண்டிருந்தன, ஒரு மாடி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறாள். அப்பா அந்தப் பழைய சீட்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்தார், என் கையெழுத்தோடு.

நடந்தது இதுதான். பெரிய ஓட்டை. வருஷக்கணக்காக அழுத்தத்தோடு வெள்ளம் மோதி மோதி நுரையீரலின் சின்னக் குழாய்கள் தடித்துவிட்டன. உள்பக்கம் காய்ப்புக் காய்த்து வழி குறுகிவிட்டது. எதிர்ப்பு ஏற ஏற, இடதிலிருந்து வலதுக்குப் பாய்வது குறைந்தது. குறைந்ததால் மூச்சு வாங்குவது நின்றது, எடை ஏறியது, சத்தம் அடங்கியது. நோய் முற்றுவதைத்தான் நான் தேறிவருவதாகப் படித்தேன். பிறகு ஏத்தம். வலது பக்கம் உயர்ந்து, அசுத்த ரத்தம் ஓட்டை வழியாக இடதுக்கு ஏறி உடம்புக்குப் போகத் தொடங்கிவிட்டது. 1897-ல் வியன்னாவில் விக்டர் ஐசன்மெங்கர் இப்படி நீலம் பாரித்த 32 வயது ஆளைப் பற்றி எழுதினார். 1958-ல் லண்டனில் பால் வுட் இதற்கு அவர் பெயரையே நிலைக்கவைத்தார். அந்த நிலைக்கு வந்த பிறகு ஓட்டையை மூடக் கூடாது. வலது கீழறைக்கு மூச்சு விட இருக்கிற ஒரே வாசல் அது. மூடினால் திணறிச் சாகும். பிள்ளைப்பேறும் கூடாது, உயிருக்கே ஆபத்து. பதினைந்து வயதுப் பெண்ணின் அப்பாவிடம் அதை எந்த வார்த்தையில் சொல்வது? இப்போது நுரையீரல் அழுத்தத்தைக் குறைக்க மாத்திரைகள் வந்திருக்கின்றன. நடையைக் கொஞ்சம் சுலபமாக்கும். குழாய்களைப் பழையபடி ஆக்காது.

என் பெரிய டாக்டர் திட்டவில்லை. என் உள்ளங்கையை எடுத்து அந்தப் பெண்ணின் நெஞ்சில், இடது இரண்டாம் விலா இடைவெளியில் வைத்தார். ஏறிய அழுத்தத்தில் வால்வு அறைந்து மூடுகிற டப் கையில் தட்டியது. “சத்தம் குறைஞ்சா முதல்ல இங்க கை வை” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து சத்தம் குறைந்த குழந்தையைப் பார்த்தால்தான் எனக்கு வயிற்றில் புளி கரைக்கும்.

இன்றைய டாக்டர்களுக்கு எக்கோ இருக்கிறது, அதற்கு நான் தினமும் நன்றி சொல்கிறேன். ஓட்டை வழியாக ரத்தம் பாய்கிற வேகத்தை அது அளந்துவிடும். வேகத்தை அதனாலேயே பெருக்கி, நாலால் பெருக்கினால் இரண்டு அறைகளுக்கும் உள்ள அழுத்த வித்தியாசம் வந்துவிடும். வினாடிக்கு 4 மீட்டர் என்றால் வித்தியாசம் 64. குழந்தையின் மேல் அழுத்தம் 96 என்றால், வலது அறையில் 32. நிம்மதி. அதே குழந்தைக்கு வேகம் 2 மீட்டர்தான் என்றால் வித்தியாசம் வெறும் 16. வலது அறையில் 80. அவசரம். ரிப்போர்ட்டில் வேகம் பெரிய எண்ணாக இருந்தால் பயப்படாதீர்கள் என்று பெற்றோரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. சீறுகிற ஓட்டைக்கு நான் பெரும்பாலும் எழுதுவது பல் துலக்கச் சொல்லித்தான். சொத்தைப் பல்லிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்து அந்த இடத்தில் போய் உட்காரும்.

பெரிய ஓட்டை என்றால் முதல் வருஷத்துக்குள்ளேயே மூட வேண்டும், பல சமயம் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள். அதுவரை சிறுநீர் போகிற மருந்து, கூடுதல் சத்து, பொறுமை. 1954 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் மினசோட்டாவில் வால்டன் லில்லிஹை முதல்முறையாக இதை மூடியபோது இதய–நுரையீரல் இயந்திரம் அவர் கையில் இல்லை. குழந்தையின் ரத்தக் குழாய்களைப் பக்கத்தில் படுத்திருந்த அப்பாவின் குழாய்களோடு இணைத்தார். அப்பாவின் இதயமும் நுரையீரலும் இரண்டு பேருக்கும் வேலை செய்தன. ஓட்டை மூடியது, ஆனால் பதினோரு நாளில் நிமோனியா அந்தக் குழந்தையைக் கொண்டுபோய்விட்டது. இதைச் சொன்னால் எங்கள் ஊர் அப்பாக்கள் சட்டைக் கையை மடிக்கத் தொடங்குவார்கள். இப்போது அது வேண்டியதில்லை. இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவையை 1975-ல் கே. எம். செரியன் செய்தது இதோ இருக்கிற பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில்தான் என்று சொல்வேன். பைபாஸ் வேறு, இது வேறு என்றாலும், இதய ஆபரேஷன் ஏதோ கண்காணாத தேசத்து வித்தை இல்லை என்பது அவர்களுக்குப் புரியும். செலவுக்குக் காப்பீட்டு அட்டை இருக்கிறது. வருமானச் சான்று வாங்கத்தான் ஒரு நாள் லீவு.

அறுவை நிபுணர் வலது மேலறையைத் திறந்து, வால்வின் வழியே எட்டிப் பார்த்து ஒட்டுத் துணி தைப்பார். சவ்வுப் பக்கத்து ஓட்டையின் கீழ் விளிம்பை ஒட்டி, இதயத்துக்குத் துடிப்புச் சேதி கொண்டுபோகிற நார்க்கற்றை ஓடுகிறது. கண்ணுக்குத் தெரியாது. ஒரு தையல் இடம் மாறினால் துடிப்பு தடுமாறும். இதைக் கேட்ட ஒரு எலெக்ட்ரீஷியன் அப்பா, “கன்சீல்டு வயரிங் ஓடுற செவுத்துல ட்ரில் போடுற மாதிரி” என்றார். அதைவிட நன்றாக நான் சொன்னதில்லை.

முகத்துவாரக்குப்பத்துப் பேரனுக்கு மருந்தே போதுமானதாக இருந்தது. ஆறு மாதம் கழித்து எடை பிடித்தான். தாத்தா மாதம் தவறாமல் வந்தார்; வரும்போதே வாசலில் நின்று, “வாய் எப்டிக்கீது?” என்பார். ஒரு தடவை பையில் இறால் கொண்டுவந்தார். ஆற்றில் முன்னைப்போல் இல்லை, சாம்பலும் மண்ணும் படிந்து ஆழம் போய்விட்டது என்று புலம்பிவிட்டுப் போனார்.

போன தை மாதம் வந்தபோது பையனுக்கு மூன்று வயது. மின்விசிறியை நிறுத்தினேன். அவன் கட்டிலில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வட்டை வைத்தேன். லப்பில் தொடங்கிய சீறல் டப் வரை வரவில்லை, பாதியிலேயே அறுந்தது. ஊசிபோல, குட்டையாக. சுருங்கும்போது சதையே ஓட்டையை நெரித்து மூடிவிடுகிறது என்பதற்கு அடையாளம் அது.

தாத்தா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எரைச்சல் கம்மியாய்ட்ச்சா?”

“கம்மிதான் தாத்தா. கொஞ்சம் இருங்க.”

ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, உள்ளங்கையை இடது இரண்டாம் விலா இடைவெளியில் வைத்தேன். தெருமுனையில் ஒரு டிரெய்லர் திரும்பிக்கொண்டிருந்தது. சன்னல் கண்ணாடி அதிர்ந்தது, கட்டில் அதிர்ந்தது, என் கையும் அதிர்ந்தது. பையன் சிரித்தான். கையை எடுக்காமல், அது போகட்டும் என்று காத்திருந்தேன்.